பத்து மடங்கு என்றால் மலிவா?

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. சென்னையில் ஆபரணத் தங்கம் சவரன் 90 ஆயிரம் ரூபாயைக் கடந்ததும் அதே மாதத்தில்தான். நகைக்கடைப் படியேறவே யோசிக்க வேண்டியிருக்கும்போது, தங்கத்தைத் தோண்டி எடுக்கும் கம்பெனிகளின் பங்குகள் பக்கம் பலருடைய பார்வை திரும்புவது இயல்பு. தங்கம் ஏறும்போதெல்லாம் கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது: “தங்கம்தான் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, சுரங்கப் பங்குகள் இன்னும் சல்லிசுதான். பி.இ. பத்தோ பன்னிரண்டோதான் இருக்கிறது.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாசகத்தை நம்பிப் பணம் போடுபவர், அதைச் சொல்பவர், அதை அச்சிடுபவர், அதற்கு அனுமதி தருபவர் என நான்கு தரப்பும் சேர்ந்து ஒரு தவறான பழக்கத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். சோப்பு விற்கும் கம்பெனிக்குப் பொருந்தும் அளவுகோலைச் சுரங்கக் கம்பெனிக்கும் அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் அந்தப் பழக்கம்.

முதலில் இந்தப் பங்குகள் நம்மை எப்படி வந்தடைகின்றன என்று பார்ப்போம். இந்தியப் பங்குச் சந்தையில் பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனி எதுவும் இல்லை. கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இன்றும் தங்கம் எடுக்கும் ஹட்டி சுரங்கம் கர்நாடக அரசின் நிறுவனம். அதன் பங்கு சந்தையில் கிடையாது. நகை விற்கும் கம்பெனிகளையும் நகைக்கடன் தரும் கம்பெனிகளையும் ‘தங்கப் பங்கு’ என்று சிலர் சொல்வதுண்டு. அவற்றின் தொழிலே வேறு. தங்கத்தை எடுக்கும் செலவுக்கும் அவற்றின் லாபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆகவே, உண்மையான சுரங்கப் பங்கு வேண்டுமென்றால் வெளிநாடுதான். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வெளிநாட்டுச் சுரங்கப் பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள். 2007 முதலே இவை இங்கே உண்டு. மற்றொன்று, ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம். அதன்படி ஒருவர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இன்று கைபேசிச் செயலியிலேயே நியூயார்க் சந்தைப் பங்கை வாங்கிவிட முடிகிறது. வாங்குவது எளிதாகிவிட்டது. எதை வாங்குகிறோம் என்று புரிந்துகொள்வது அந்த அளவுக்கு எளிதாகவில்லை.

எண் சொல்வதும் சொல்லாததும்

பி.இ. விகிதம் என்பது பங்கின் விலையை ஒரு பங்குக்கு உரிய ஆண்டு லாபத்தால் வகுத்து வரும் எண். விலை 100 ரூபாய், லாபம் 10 ரூபாய் என்றால் பி.இ. பத்து. இதே லாபம் தொடர்ந்தால் போட்ட பணம் பத்து ஆண்டில் திரும்பும் என்பது இதன் எளிய பொருள். ‘இதே லாபம் தொடர்ந்தால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பற்பசையும் பிஸ்கட்டும் விற்கும் கம்பெனியின் லாபம் ஓரளவு சீராக ஓடும். விலையைக் கூட்டுவதும் குறைப்பதும்கூட அதன் கையில் இருக்கிறது. தங்கச் சுரங்கக் கம்பெனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது விற்கும் பொருளுக்கு விலை வைப்பது உலகச் சந்தை.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 லட்சம் அவுன்ஸ் தங்கம் எடுக்கிறது. ஓர் அவுன்ஸ் எடுக்க 1,500 டாலர் செலவு. மொத்தம் 10 கோடிப் பங்குகள். வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். தங்கம் 2,000 டாலர் என்றால், அவுன்ஸுக்கு 500 டாலர் மிஞ்சும்; ஒரு பங்குக்கு லாபம் 5 டாலர். பங்கு விலை 75 டாலர் என்றால் பி.இ. 15. இப்போது தங்கம் 2,500 டாலர் ஆகிறது. விலை ஏறியது 25 சதவீதம்; லாபமோ இரண்டு மடங்காகி 10 டாலர் ஆகிவிடுகிறது. பங்கு 100 டாலருக்கு ஏறினாலும் பி.இ. பத்தாக இறங்கிவிடும். பார்ப்பவருக்குப் பங்கு முன்பைவிட மலிவானது போலத் தோன்றும். அடுத்து தங்கம் 1,700 டாலருக்கு இறங்குகிறது என்று வையுங்கள். லாபம் 2 டாலராகச் சுருங்கிவிடும். பங்கு 60 டாலருக்கு விழுந்தபின்னும் பி.இ. 30 என்று காட்டும். தங்கம் 1,500 டாலருக்குக் கீழே போனால் லாபமே இல்லை, பி.இ. என்ற எண்ணும் இல்லை.

அதாவது, லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. தாழ்ந்து, ‘மலிவு’ என்று கைகாட்டி அழைக்கும். லாபம் தரைதட்டும்போது அதே எண் உயர்ந்து, ‘விலை அதிகம்’ என்று விரட்டும். உலோகம், சர்க்கரை, சிமென்ட் போன்ற ஏற்ற இறக்கத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. தங்கச் சுரங்கத்தில் அது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

ஒரே கம்பெனி, இரண்டு ஆண்டுகள்

கனடாவின் பேரிக் (2025வரை பேரிக் கோல்டு) உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனிகளில் ஒன்று. 2011இல் தங்கம் அவுன்ஸுக்கு 1,900 டாலரைத் தொட்டுப் பார்த்தது. அந்த ஆண்டு பேரிக் ஈட்டிய நிகர லாபம் சுமார் 448 கோடி டாலர். ஒரு பங்குக்குச் சுமார் நாலரை டாலர். ஆண்டு முடிவில் பங்கு விலை சுமார் 45 டாலர். பி.இ. சரியாகப் பத்து. உலகப் புகழ்பெற்ற கம்பெனி, சாதனை லாபம், பத்து மடங்கு விலை. வாங்காமல் விட யாருக்கு மனசு வரும்?

அந்தப் பத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். லாபம் கொழித்த அதே ஆண்டில் ஈக்வினாக்ஸ் என்ற செம்புச் சுரங்கக் கம்பெனியைச் சுமார் 730 கோடி கனடிய டாலருக்கு பேரிக் வாங்கியது. சிலி, அர்ஜென்டினா எல்லையில் ஆண்டீஸ் மலையுச்சியில் பாஸ்குவா லாமா என்ற சுரங்கத்தையும் கட்டிக்கொண்டிருந்தது. 300 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் மதிப்பீடு 2012இல் 800 கோடியைத் தாண்டிவிட்டது. தங்கள் நீர் ஆதாரத்துக்கு ஆபத்து என்று அங்குள்ள தியாகிதா பழங்குடியினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 ஏப்ரலில் சிலி நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. தங்கமும் அந்த ஒரே ஆண்டில் சுமார் 28 சதவீதம் சரிந்தது. சொத்துகளின் மதிப்பைக் குறைத்து எழுதியதில் அந்த ஆண்டு பேரிக் காட்டிய நஷ்டம் 1,000 கோடி டாலருக்கு மேல். கடனைச் சமாளிக்க 300 கோடி டாலருக்குப் புதிய பங்குகளை வெளியிட்டதில் பழைய பங்குதாரரின் பங்கும் கரைந்தது. 45 டாலர் பங்கு 2013 முடிவில் 18 டாலருக்கும் கீழ். 2015 முடிவில் எட்டு டாலருக்கும் கீழ்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னவர்களாவோம். 2024க்கு வருவோம். முந்தைய ஆண்டைவிடத் தங்கத்தின் சராசரி விலை சுமார் 23 சதவீதம் கூடி 2,386 டாலர் ஆனது. பேரிக்கின் நிகர லாபம் 127 கோடி டாலரிலிருந்து 214 கோடியாக, கிட்டத்தட்ட 70 சதவீதம் உயர்ந்தது. பங்கு விலையோ 18 டாலரிலிருந்து பதினைந்தரைக்கு இறங்கியது. பி.இ. 25லிருந்து 13க்கும் கீழே வந்தது. லாபம் ஏறும்போது பங்கு ஏன் இறங்க வேண்டும்? காரணங்களில் பெரியது மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி. அங்கே ராணுவ அரசு 2023இல் புதிய சுரங்கச் சட்டம் கொண்டுவந்து கூடுதல் பங்கு கேட்டது. 2024 நவம்பரில் பேரிக் ஊழியர்கள் கைதானார்கள். 2025 ஜனவரியில் லூலோ கௌன்கோட்டோ சுரங்கமே நின்றுபோனது. நாளைக்கு இந்தச் சுரங்கம் நம் கையில் இருக்குமா என்ற சந்தேகத்தைத்தான் சந்தை அந்தப் பன்னிரண்டே சொச்சத்தில் எழுதிவைத்திருந்தது. பிறகு தங்கம் தொடர்ந்து ஏறியது. 2025 நவம்பரில் மாலியோடு சமரசமும் ஏற்பட்டது. அந்த ஒரே ஆண்டில் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

ஒருமுறை பத்து என்ற எண்ணை நம்பியவர் பெரும்பகுதியை இழந்தார். இன்னொருமுறை பன்னிரண்டை நம்பியவர் இரட்டிப்பாக்கினார். குறைந்த பி.இ. என்றால் வாங்கு என்பதும் தப்பு, ஓடு என்பதும் தப்பு. அந்த எண் நமக்குத் தருவது விடை அல்ல. இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் என்ன என்ற கேள்வியைத்தான் அது எழுப்புகிறது.

கூடவே வரவேண்டிய மூன்று தகவல்கள்

முதல் தகவல், எந்தத் தங்க விலையில் வந்த லாபம் அது, செலவு போக மிச்சம் எவ்வளவு என்பது. செலவைக் கணக்கிட, உலகத் தங்க கவுன்சில் 2013 ஜூனில் ‘முழுப் பராமரிப்புச் செலவு’ என்ற பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கேற்ப ஒரு ‘ரொக்கச் செலவை’ச் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய அளவுகோல் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வருமான வரி, வட்டி, புதிய சுரங்கம் கட்டும் செலவு ஆகியவை அதிலும் சேராது. பேரிக்கின் இந்தச் செலவு 2023இல் அவுன்ஸுக்கு 1,335 டாலர், 2024இல் 1,484. தங்கம் ஏறும்போது டீசல், கூலி, ராயல்டி என்று செலவும் பின்னாலேயே ஏறிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது தகவல், சுரங்கத்தில் இன்னும் எத்தனை ஆண்டுக்குத் தங்கம் இருக்கிறது என்பது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், ஓர் ஆண்டு மகசூலைப் போலப் பத்து மடங்கு பணம் கொடுக்குமுன் குத்தகைக்காலம் இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்காமல் இருப்பாரா? எட்டே ஆண்டு மிச்சமிருக்கும் தோப்புக்குப் பத்தாண்டு மகசூலைக் கொடுப்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனமோ, எட்டாண்டுத் தங்கம் மிச்சமிருக்கும் சுரங்கத்தைப் பி.இ. பத்துக்கு மலிவென்று வாங்குவதும் அவ்வளவே. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சுரங்கத்தின் ‘இருப்பு’ என்பது மண்ணுக்குள் உள்ள மொத்தத் தங்கம் அல்ல. ஒரு குறிப்பிட்ட விலையில் எடுத்தால் கட்டுப்படியாகும் தங்கம் மட்டுமே. பேரிக் 2023க்கான இருப்பை அவுன்ஸுக்கு 1,300 டாலர் என்றும், 2024க்கு 1,400 டாலர் என்றும் வைத்துக் கணக்கிட்டது. சந்தை விலையைவிட வெகுவாகத் தாழ்ந்த அனுமானம் என்பதால் இது நிதானமான அணுகுமுறை. ஆனால் இந்த அனுமானத்தை உயர்த்தினால், ஒரு புதுத் துளைகூடப் போடாமல் காகிதத்தில் இருப்பைக் கூட்டிவிடலாம் என்பதையும் முதலீட்டாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சுரங்கத் துறை வல்லுநர்கள் பி.இ.யைவிடப் பணவரத்தையும், இருப்பிலுள்ள தங்கத்தின் நிகர மதிப்பையும் முதன்மையாகப் பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவது தகவல், லாபக் கணக்கில் வராத சுமை. மாலியும் சிலியும் அதற்கு உதாரணங்கள். தாமே தோண்டாமல் ராயல்டி மட்டும் வாங்கும் பிராங்கோ நெவாடாவைப் பாதுகாப்பான கம்பெனி என்பார்கள், அதன் பி.இ.யும் அதற்கேற்ப உயர்வாகவே இருந்துவந்தது. ஆனால் பனாமாவில் உள்ள ஒரு செம்புச் சுரங்க ஒப்பந்தம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. சுரங்கம் மூடப்பட, அதிலிருந்து வருமானம் பெற்றுவந்த பிராங்கோ நெவாடாவும் அந்த ஆண்டை நஷ்டத்தில் முடித்தது.

இந்தச் சுமையின் மற்றொரு முகம் தமிழர்களுக்குத் தெரியாததல்ல. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தோண்டத் தொடங்கியபோது அந்தச் சுரங்கங்களின் பங்குகள் லண்டனில் விற்பனையாயின. டிவிடெண்டும் அங்கேதான் போனது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. கல்தூசியைச் சுவாசித்தவர்களைச் சிலிகோசிஸ் தின்றது. பிற்பாடு சுரங்கங்கள் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்றடித்தால் அந்தப் புழுதி வீட்டுக்குள் வருகிறது. லண்டன் பங்குதாரர் பார்த்த லாபக் கணக்கில் அந்த நுரையீரலுக்கும் இந்த மண்மேட்டுக்கும் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. தூரத்துச் சுரங்கத்தில் பங்கு வாங்கும் நாம், இன்று லண்டன் பங்குதாரரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏமாற்றத்திலிருந்து பிறந்த ஒழுங்கு

பி.இ.யோடு இந்த மூன்று தகவல்களையும் சொல்ல வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் புசாங் காட்டில் மாபெரும் தங்கப் படிவம் கிடைத்ததாகக் கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனி சொன்னது. பங்குச் சந்தையில் அதன் மதிப்பு 600 கோடி கனடிய டாலருக்கு மேல் போனது. ஒரு கிராம் தங்கம்கூட எடுத்து விற்காத கம்பெனி அது. லாபம் இல்லை, ஆகவே பி.இ.யும் இல்லை. 1997இல் சுயேச்சையான ஆய்வு நடந்தபோதுதான், பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் தூவப்பட்டிருந்தது அம்பலமானது. ஓய்வூதிய நிதிகள் முதல் சாதாரணக் குடும்பங்கள்வரை பணத்தை இழந்தன.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். ‘பேராசைப்பட்டவன் பட்டான்’ என்று கனடா கையைக் கழுவிவிடவில்லை. பங்குச் சந்தை, ஒழுங்குமுறை ஆணையங்கள், பொறியாளர்கள், புவியியலாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசியதில் 2001இல் 43-101 என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடாமல் எந்தக் கம்பெனியும் கனிம இருப்பை வெளியில் சொல்ல முடியாது என்றானது. மோசடி அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது.

நமக்கு வேண்டியதும் அப்படியொரு ஒழுங்குதான். சட்டமாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உடன்பாடாகவே தொடங்கலாம். தங்கச் சுரங்கப் பங்கின் பி.இ.யை யாரும் ஒற்றை எண்ணாகச் சொல்வதில்லை. மேலே சொன்ன மூன்று தகவல்களோடு சேர்த்தே சொல்வது. இந்த ஒரு உடன்பாடு போதும்.

இதில் ஃபண்ட் நிறுவனங்களின் பங்கு பெரியது. திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘மிக அதிக ரிஸ்க்’ என்று முள் காட்டும் படத்தைப் போட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது. ரிஸ்க் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டாமா? திட்டத்திலுள்ள முதல் பத்துக் கம்பெனிகளின் அவுன்ஸ் செலவு, இருப்பு ஆண்டுகள், சுரங்கங்கள் உள்ள நாடுகள் ஆகியவற்றை மாத அறிக்கையில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒரு பக்கத்துக்குள் தர முடியும். கம்பெனிகளே வெளியிடும் தகவல்கள்தான் இவை. தொகுத்துத் தருவதுதான் வேலை.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தன் பங்குக்கு ஏற்கெனவே சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறது. பதிவு பெறாதவர்கள் பங்குப் பரிந்துரை செய்வதற்கு எதிராக 2024இல் விதிகளை இறுக்கியது. அடுத்த கட்டமாக, ஏற்ற இறக்கத் தொழில்களை மையமாகக் கொண்ட திட்டங்களுக்குத் தனியான தகவல் படிவத்தை அது பரிசீலிக்கலாம். விநியோகஸ்தர்களும் ஆலோசகர்களும் ‘பி.இ. கம்மி’ என்ற ஒற்றை வரியில் திட்டத்தை விற்பதை நிறுத்த வேண்டும். பத்திரிகைகளாகிய எங்களுக்கும் இதில் விலக்கு இல்லை. தங்கம் ஏறிய வாரத்தில் ‘வாங்கலாமா’ என்று அட்டைப்படம் போடுகிறவர்கள், அட்டவணையில் பி.இ.க்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போட இடமில்லை என்று சொல்ல முடியாது.

“பணம் போடுகிறவன்தானே யோசிக்க வேண்டும்? ஊரெல்லாம் சேர்ந்து ஏன் அவனைத் தாங்க வேண்டும்?” என்ற வாதம் நியாயமானதுதான். முதலீட்டாளரின் பொறுப்பை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது, வாங்கிக்கொள்ளவும் கூடாது. ஆனால் வேலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெவாடா சுரங்கத்தைப் பற்றிய நூற்றுக்கணக்கான பக்கத் தொழில்நுட்ப அறிக்கையைப் படித்து முடித்தபின்தான் மாதம் 2,000 ரூபாய் போட வேண்டும் என்றால், அது நடக்கப்போவதில்லை. அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் சாரத்தை நேர்மையாகச் சொன்னால், அவர் சரியான கேள்வியைக் கேட்பார். சொல்பவர் நேர்மையும் கேட்பவர் விழிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. அதிலும், தங்கத்தின் பேரால் கேட்கப்படும் பணம் பெரும்பாலும் மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் சேர்த்த பணம். தங்கம் என்றாலே பத்திரம் என்று நம் வீடுகள் நம்புகின்றன. பெட்டியில் இருக்கும் தங்கத்துக்கு உள்ள பத்திரம், தங்கம் தோண்டும் கம்பெனிப் பங்குக்கு இல்லை என்பதைச் சொல்லாமல் விற்பது அந்த நம்பிக்கையைக் காசாக்குவது.

முதலீட்டாளருக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஓராண்டு பி.இ.யை விட்டுவிட்டு, விலை ஏறிய ஆண்டும் இறங்கிய ஆண்டும் சேர்ந்த ஏழெட்டு ஆண்டுச் சராசரி லாபத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. தங்கம் 25 சதவீதம் இறங்கினால் இந்தக் கம்பெனி லாபத்தில் நிற்குமா என்று ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அதற்குப் பள்ளிக் கணக்கு போதும். ஒரே நாட்டில் ஒரே சுரங்கத்தை நம்பியிருக்கும் கம்பெனியில் மொத்தப் பணத்தையும் போடாமல் இருக்கலாம். தூக்கத்தைக் கெடுக்காத அளவுக்கு, சேமிப்பில் ஒரு சிறு பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று தகவல்களையும் சொல்ல மறுக்கும் ஆலோசகரிடம் ஒரு ரூபாயும் தராமல் எழுந்து வந்துவிடலாம்.

தங்கச் சுரங்கப் பங்குகள் நல்லவையா கெட்டவையா என்பதில் நாம் ஒரே கருத்துக்கு வர வேண்டியதில்லை. சந்தை இயங்குவதே கருத்து வேறுபாட்டால்தான். எந்தத் தகவலை வைத்துக்கொண்டு வேறுபடுகிறோம் என்பதில்தான் உடன்பாடு வேண்டும். கனடாவில் அந்த உடன்பாடு பெரிய இழப்புக்குப் பிறகு வந்தது. தங்கம் உயரத்தில் இருக்கும்போதே, லாபக் கணக்குகள் பளபளக்கும் நேரத்திலேயே அதைச் செய்துகொண்டால் நமக்கு அந்தச் செலவு மிச்சம்.